ஒரு முகவரியில் ஓர் ஊர்

‘பொற்றொடி’ என்பது என்ன தொகை? மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைப்புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என்று விடை சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மனனம் பண்ணிய பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். சொல்லைப் பிரித்து, உருபை விரித்து, பொன்னும் அல்லாத தொடியும் அல்லாத ஒருத்தி இச்சொல்லுக்குள் எவ்வாறு வந்து நின்றாள் என்று தானே கண்டறிய முயலும் பிள்ளைக்கு ஏழெட்டு நிமிடமாகும். இரண்டாவது பிள்ளையையே ஆசிரியர் விரும்புவர். ஆயின் இணையத்தின் நடுவழியில் நிற்கும் ஓர் இயந்திரம் அப்பிள்ளை எழுந்து போய்விட்டாள் என்று எண்ணிக் கணக்கை மூடிவிடுகின்றது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

ஓர் இலக்கியச் சங்கத்தினர் இணையவழியாக இலக்கணப் போட்டியொன்று நடத்தினர். வினாக்கள் பன்னிரண்டு, நேரம் ஒரு மணி. உருத்திரபுரத்திலிருந்து என் மாணவர் இருவர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், தத்தம் வீட்டிலிருந்து தத்தம் கைத்தொலைபேசியிற் கலந்துகொண்டனர். இருவர் வீட்டுக்கும் இடையே இரண்டு வாய்க்கால் தூரம் உண்டு. பெண்பிள்ளை ஐந்தாம் வினாவரைக்கும் தடையின்றி வந்தாள். ஐந்தாவது, மேலே சொன்ன பொற்றொடி. கொப்பியை எடுத்து எழுதிப் பார்த்தாள், வெட்டினாள், மறுபடி எழுதினாள். விடையைக் கண்டு பொத்தானை அழுத்தியபோது திரையில் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. தொலைபேசியின் தலைப்பில் இணைப்புக் கோடுகள் நான்கும் நிமிர்ந்தே நின்றன. “லைன் இருக்குது ஐயா, ஆனா போகுதில்லை” என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். பையனுக்கோ வாசலிலேயே தடை. ‘இம்முகவரியிலிருந்து ஒருவர் முன்னரே நுழைந்துவிட்டார்’ என்று திரை அவனைத் திருப்பி அனுப்பிற்று.

சங்கத்தாருக்கு எழுதினேன். மறுமொழி வந்தது. உங்கள் பகுதியில் இணைப்புப் பலம் குறைவு போலும் என்பது முதல் வாக்கியம். அதனைப் பொறுத்துக்கொண்டேன், வன்னியில் இருப்பவர்களுக்குக் கேட்டுப் பழகிய சொல்தான். இரண்டாம் வாக்கியம் பொறுக்கத் தக்கதாய் இல்லை. ஒரே ஆள் இரண்டு பெயரில் நுழைய முயன்றதாகத் தங்கள் பதிவேடு காட்டுகின்றது என்று எழுதியிருந்தார்கள். நாணயமுள்ள இரண்டு பிள்ளைகள் கள்ளப் பிள்ளைகளாய்விட்டனர்.

என்னிடம் முன்பு படித்த தம்பி ஒருவர் இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத்திற் பயில்கின்றார். அவரை அழைத்துக் காட்டினேன். அவர் சிரித்தார். “ஐயா, இரண்டு பிழையும் ஒரே பிழைதான்” என்றார். மூன்று மாலைப்பொழுது அவர் எனக்கு மாணாக்கராயிராமல் ஆசிரியராயிருந்தார். அவர் சொன்னதையும் பின்பு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியாம். அதனை ஐ.பி. முகவரி என்பர். இன்றும் பெருவழக்காயுள்ள நான்காம் பதிப்பில் அம்முகவரி முப்பத்திரண்டு இருமக் குறிகளால் ஆனது. ஆகவே அமையக்கூடிய முகவரிகள் எல்லாமாக 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. இந்த முப்பத்திரண்டை 1977இல் தெரிந்தவர்களுள் முதல்வர் விண்டன் சேர்வ் என்பவர். பரிசோதனைக்கு இது போதும் என்று எண்ணியே தெரிந்ததாகவும், அந்தப் பரிசோதனை முடிவுறாமலே உலக வழக்காகிவிட்டதாகவும் அவரே பின்னாளிற் பலமுறை சொல்லியிருக்கிறார். உலகத்தின் மக்கள் தொகையோ இன்று எண்ணூறு கோடிக்கு மேல். ஒருவர் கையில் ஒரு கருவியென்றாலும் பாதிப்பேருக்கு முகவரி இல்லை.

2011 பெப்ரவரி 3ஆந் திகதி, உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் கண்டந்தோறும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. இலங்கையும் இந்தியாவும் அடங்கிய ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்குவது, அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் இருக்கும் ஏப்னிக் என்னும் நிலையம். அதன் களஞ்சியம் அவ்வாண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒரு நிறுவனம் அத்தொகுதியிலிருந்து பெறக்கூடியது 1024 முகவரிகளே. 2019இல் அதுவும் 512 ஆகக் குறைந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பந்தியில் முன்னே அமர்ந்து உண்டு எழுந்தபின் இலை போட்டவர்கள் நாம். கைத்தொலைபேசி வைத்திருப்போர் இலட்சக்கணக்கினர். பங்காய்க் கிடைத்ததோ சில ஆயிரம் முகவரி. ஆகவே இணையச் சேவை வழங்குநர் ஒரு முகவரியைப் பலருக்குப் பொதுவாக்கினர்.

இம்முறை நமக்குப் புதிதன்று. இப்பகுதியிற் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில், காட்டை வெட்டிக் கொட்டில் போட்ட குடும்பங்களுக்கு வீட்டிலக்கம் ஏது? யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கடிதங்கள் சந்திக் கடைக்காரரின் மேற்பார்வைக்கு என்று எழுதப்பட்டு வந்தனவென முதியோர் சொல்வர். உறையின்மேல் கடையின் பெயர். உள்ளே இருப்பதோ ஒரு தாயின் கண்ணீர். கடைக்காரர் யார் எவருக்கு எழுதினார், எவரிடமிருந்து மறுமொழி எதிர்பார்க்கின்றார் என்பதைக் கொப்பியிற் குறித்து வைத்து உரியவரிடம் சேர்ப்பார். இன்றைய சேவை வழங்குநரின் நிலையத்தில் இருப்பது அந்தக் கடைக்காரர்தான். நமது தொலைபேசிக்கு அவர் தருவது உள்வீட்டு முகவரி. வெளியுலகுக்கு அது தெரியாது. நம்முடைய பொதி வெளியே போகும்போது உள்முகவரியை அழித்துப் பொதுமுகவரியை எழுதுகிறார். மறுமொழி வரும்போது பொதுமுகவரியை அழித்து நம்முடையதை எழுதுகிறார். இவ்வாறு பகிர்வதற்கென்றே 2012 ஏப்பிரலில் 100.64 என்று தொடங்கி 100.127 வரைக்கும் உள்ள நாற்பத்தொரு இலட்சத்துச் சொச்சம் எண்கள் ஒதுக்கப்பட்டன. உங்கள் வீட்டு ரவுட்டர் தன் வெளிப்புற முகவரியாக இவற்றுள் ஒன்றைக் காட்டினால், நீங்களும் ஒரு கடையின் மேற்பார்வையிலேயே வாழ்கிறீர்கள் என்று அறிக.

ஒரே முகவரிக்கு வரும் மறுமொழிகளை எவ்வாறு பிரிப்பது? இலக்கணம் படித்தவர்க்கு இஃது எளிது. ‘மா’ என்பது பலபொருள் ஒருசொல். பூத்தது என்றால் மரம். ஓடிற்று என்றால் குதிரை. சொல் ஒன்றேயாயினும் சார்ந்து வரும் வினை பொருளைப் பிரித்துத் தருகின்றது. முகவரியோடு சார்ந்து வரும் அந்த வினை போன்றது துறையெண். (துறை என்னும் சொல்லைக் கணினித் தமிழார் எடுத்தாண்டது நன்று, நீர்த்துறையும் அகத்துறையும் நினைவுக்கு வருகின்றன.) ஒரு முகவரிக்கு இத்துறையெண்கள் 65,536 உண்டு. முதல் ஆயிரத்தைச் சிறப்புப் பணிகளுக்கு விட்டு, எஞ்சியதை அறுபத்துநான்கு சந்தாதாரருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆயிரம் சொச்சம் வரும். ஆயிரம் பெரிதுபோல் தோன்றும். ஆனால் ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தாலே படம், விளம்பரம், எழுத்துரு என்று பல பத்து இணைப்புகள் ஒருங்கே எழுகின்றன. வீட்டில் நால்வர் இருந்தால் ஆயிரம் நெருக்கடிதான். ஆதலால் கடைக்காரர் வரிகளைச் சிக்கனமாகப் பேண வேண்டியவராகிறார். ஓர் இணைப்பில் சிறிது நேரம் பேச்சில்லையெனின் அந்த வரியைத் துடைத்து, எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஐந்தாம் வினா விழுந்த குழி இதுவே.

இணையத்தின் மூல அமைப்பில் இரு கணினிகளுக்கிடையேயுள்ள இணைப்பு என்பது ஒரு கம்பியன்று. இரு முனையிலும் உள்ள ஞாபகமே இணைப்பாகும். இருவரும் நினைத்துக்கொண்டிருக்கும்வரை பேச்சு இல்லாவிடினும் உறவு உண்டு. நாட்கணக்காக மௌனமாயிருந்து பின்னர் விட்ட இடத்திற் பேச்சைத் தொடங்கலாம். எழுபதுகளில் இதனை வகுத்தவர்கள் நடுவே ஒரு மூன்றாமவரை நினைக்கவில்லை. பின்வந்த கடைக்காரருக்கும் ஒரு ஞாபகம் உண்டு. இரு முனையும் நினைத்திருக்க, நடுவில் உள்ளவர் மறந்துவிட்டால் உறவு அற்றுப்போகின்றது. அதைவிடக் கொடியது, அற்றதை அவர் பெரும்பாலும் எவர்க்கும் அறிவிப்பதில்லை. சேவையகம் பிள்ளை இன்னும் யோசிக்கிறாள் என்று காத்திருக்கின்றது. பிள்ளை அனுப்பிய விடையோ கடைவாசலிற் கிடந்து மடிகின்றது. அல்லது புதியதோர் எண்ணை ஏற்றுக்கொண்டு சென்று, ‘உன்னோடு எனக்குப் பேச்சில்லையே’ என்று திருப்பப்படுகின்றது. தொலைபேசியின் தலைப்பில் நான்கு கோடுகளும் நிமிர்ந்து நிற்பதில் வியப்பில்லை. கோபுரத்துக்கும் தொலைபேசிக்கும் இடையில் ஒரு குறையும் நேரவில்லையே.

எவ்வளவு நேரம் மறவாதிருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. 2008 ஒக்டோபரில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 5382 என்னும் நெறியேடு, நிலைபெற்ற இணைப்பை இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு முன்பு துடைத்தல் ஆகாது என்கின்றது. இவ்விசித்திரமான எண்ணுக்குக் காரணம் பழைய வழக்கு. கணினிகள் பேச்சற்ற இணைப்பில் ‘இருக்கிறாயா?’ என்று தட்டிப் பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் பொறுப்பது 1989ஆம் ஆண்டு விதி. அதற்குமேல் நான்கு நிமிடம் சலுகை. ஆனால் விதி ஏட்டிலும் வழக்கு வீட்டிலுமாக இருக்கின்றன. லினக்ஸ் முறைமை இயல்பாக ஐந்து நாள் ஞாபகம் வைத்திருக்கும். அமேசான் நிறுவனமோ தன் கணினி நிலையங்களில் வாடகைக்கு விடும் முகவரி மாற்று வாயிலுக்கு 350 விநாடி என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றது. ஆறு நிமிடமும் முழுதாக இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டுபவன், ஆறு நிமிடத்தில் வீட்டை வாடகைக்கு விட்டுவிடும் சொந்தக்காரனிடம் அகப்பட்டால் என்னாகும்?

நமது சேவை வழங்குநர் எத்தனை நிமிடம் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். தம்பி சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். பிள்ளையின் சிம் அட்டையை ஒரு கணினியோடு இணைத்து, தூரத்தேயுள்ள தம்முடைய சேவையகம் ஒன்றோடு பேசவிட்டார். இரண்டு நிமிடம் மௌனம், பின்பு ஒரு சொல், போய்ச் சேர்ந்தது. நான்கு நிமிட மௌனம், சேர்ந்தது. ஆறு நிமிட மௌனம், சேரவில்லை. மூன்றுமுறை செய்தோம், மூன்றுமுறையும் அவ்வாறே. அடுத்து அவர் முப்பது விநாடிக்கு ஒருமுறை பொருளற்ற ஒரு சிறு குறியை அனுப்பும்படி நிரலை மாற்றினார். தேநீர் குடித்து, கோயில் வரைக்கும் நடந்து, முக்கால் மணி கழித்துத் திரும்பினோம். இணைப்பு உயிரோடு இருந்தது.

இக்குறிக்கு இதயத்துடிப்பு என்று பெயர். நிலைத்த இணைப்புக்கென 2011 டிசெம்பரில் வகுக்கப்பட்ட வெப்சொக்கெட் என்னும் முறையில் இதற்கென்றே பிங், பொங் என்னும் இரு சிறு குறிகள் அமைந்துள்ளன. ஒருவர் பிங் என்பார்; மற்றவர் பொங் என்பார்; வேறொன்றுமில்லை. ஆயினும் கடைக்காரர் கொப்பியில் வரி புதுப்பிக்கப்படுகின்றது. போட்டி மென்பொருளை எழுதியவர் அந்த ஒன்றைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்றும் யோசித்தேன். நல்ல கம்பி இணைப்பில், விரைவாக விடை தட்டும் கைகளால் அவர் சோதித்திருப்பார். ஆறு நிமிடம் யோசிக்கும் பிள்ளை ஒருத்தி அவர் மனத்தில் தோன்றவேயில்லை. துடிப்புக்கும் ஒரு விலை உண்டென்பது உண்மையே. ஒவ்வொரு துடிப்பும் தொலைபேசியின் வானலைப் பகுதியைத் துயிலெழுப்பி மின்கலத்தைச் சிறிது உண்கின்றது. ஆனால் ஒரு மணி நேரப் போட்டிக்கு அது பெருஞ் செலவன்று. இணைப்பு அறுந்தாலும் விடைகளைத் தொலைபேசியிலேயே காத்து, மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது அதனினும் நன்று. குரங்கு பாய்வதைத் தடுக்க முடியாத தோட்டத்தில் வேலியும் வேண்டும், காவலும் வேண்டும்.

இனிப் பையனின் குறை. அதனை நினைத்தாலே எனக்கு வெப்பம் ஏறுகின்றது. இருவர் சிம்மும் ஒரே நிறுவனத்தினது. இருவரும் ஒரே பொதுமுகவரியின் நிழலில் அன்று நின்றிருக்கிறார்கள். சங்கத்தார் முகவரியை ஆளென்று கொண்டுவிட்டனர். பொற்றொடியைப் பொன் என்று பொருள் கொண்டவர் போலாயிற்று.

இத்தவறு உலகளாவியது. 2006ஆம் ஆண்டு முடிந்து 2007 பிறந்த வேளையில், விக்கிபீடியாவின் நிருவாகி ஒருவர் குறும்பு செய்த ஒரு முகவரியைத் தடை செய்தார். அது கட்டார் நாட்டின் இணையப் பாவனையாளர் அனைவரும் வெளியே தோன்றும் ஒற்றை முகவரி. ஒருவர் செய்த குறும்புக்கு ஒரு தேசமே எழுதும் உரிமையைச் சில மணி நேரம் இழந்தது. நம்மவர் எத்தனைபேர் அந்நாட்டில் உழைக்கின்றனர்! அங்கே நடுவில் நின்றது வேறுவகைப் பெட்டி. பிழை இதே பிழை. பகிரப்பட்ட முகவரிகளிலிருந்து வருவோரைச் சேவை நிலையங்கள் ஏனையோரிலும் கூடுதலாகத் தடுக்கின்றன என்று கிளவுட்ஃபிளேயர் நிறுவனத்துப் பொறியியலாளர் 2025இல் எழுதினர். முகவரி வறுமை மிக்க நாடுகளே அதன் சுமையைத் தாங்குகின்றன. குற்றவாளியைத் தேடுவோரும் இதனால் இடர்ப்படுகின்றனர். ஐரோப்பியப் பொலிசு அமைப்பாகிய யூரோபோல் 2017இல் இதனை முறையிட்டது. முகவரியோடு துறையெண்ணையும் நேரத்தையும் பதிவேட்டிற் குறியுங்கள் என்று 2011 ஜூனிலேயே ஒரு நெறியேடு சேவையகத்தாரை வேண்டியிருந்தது. கேட்டவர் சிலர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில நிலையங்களில் ஒரே பாவனையாளர் ஒரு கணம் ஒரு பொதுமுகவரியிலும் மறுகணம் வேறொன்றிலும் தோன்றுவர். ஒருவர்க்கு ஒரே பொதுமுகவரியைப் பேணுதல் வேண்டும் என்று 2013 ஏப்பிரலில் வெளியான ஆர்.எவ்.சி. 6888 விதிக்கின்றது. அவ்விதி பேணப்படாத இடத்தில், கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரையே ‘நீ வேறு ஆள்’ என்று வங்கியின் பக்கம் வெளியே தள்ளும்.

பகிர்வதை நான் குறை சொல்லவில்லை. இரணைமடுவின் நீரை நம்பி வாழும் ஊரில் இருந்துகொண்டு பகிர்வைப் பழிக்கலாமா? எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் எண்ணே குறிச்சிக்குப் பெயராய் வழங்கும் இடம் இது. சிறுபோகத்துக்கு முன் குளத்தின் நீர்மட்டம் பார்த்து, இவ்வாண்டு இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். சண்டை வரும்; சத்தம் வரும். ஆயினும் தன் பங்கு எவ்வளவு, எந்நாளில் நீர் வரும், எந்நாளில் அடைபடும் என்பது கமக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். இணைய முகவரியின் பங்கீட்டில் அந்தக் கூட்டம் இல்லை. நீ பகிர்கிறாய் என்றும், இத்தனை நிமிட மௌனத்தில் உன் வரி துடைக்கப்படும் என்றும் எந்தச் சிட்டையிலும் அச்சிடப்படுவதை நான் கண்டதில்லை. தொலைபேசி வாங்கும் கமக்காரனுக்கு அது வேண்டாதிருக்கலாம். மென்பொருள் எழுதுவோருக்கு வேண்டுமே.

நிரந்தரப் பரிகாரம் ஆறாம் பதிப்பு. 1998 டிசெம்பரில் வகுக்கப்பட்டது. 2017இல் திருத்தி உறுதி செய்யப்பட்டது. அதன் முகவரி 128 குறிகளாலானது. எல்லாமாக எத்தனை என்று எழுதினால் முப்பத்தொன்பது இலக்கம் வரும். அதில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் உண்மையான முகவரி உண்டு, கடைக்காரர் வேண்டியதில்லை. இந்தியாவில் 2016 செப்டெம்பரிற் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனம் ஆரம்பத்திலேயே இதனைக் கைக்கொண்டதால், அந்நாட்டின் பாவனையாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் இன்று ஆறாம் பதிப்பில் இருக்கின்றனர். ஆயினும் ஒரு முனை ஆறிலும் மறுமுனை நான்கிலும் இருந்தால் பழைய கடைக்காரரே மறுபடி வருவார். சங்கத்தாரின் சேவையகம் நான்கில் மாத்திரம் இருந்தது என்று தம்பி பார்த்துச் சொன்னார். ஆறாம் பதிப்பிலும் காவற்பெட்டிகள் நீண்ட மௌனத்தை மறப்பதுண்டாகையால், துடிப்பை அடியோடு கைவிடவும் கூடாது.

இவற்றையெல்லாம் எழுதி, மூன்றுமுறை செய்த சோதனையின் நேரக் குறிப்பையும் இணைத்து, சங்கத்தாருக்கு இரண்டாம் கடிதம் அனுப்பினேன். வேண்டியவை மூன்று. துடிப்பைச் சேருங்கள், முகவரியைக்கொண்டு ஆளை அளவாதீர்கள், பிள்ளைகள்மேல் வைத்த ஐயத்தை எழுத்திலே மீட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நாளின் பின் மறுமொழி வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கம் முகவரி விதி நீக்கப்படும் என்றும், துடிப்பைப் பற்றித் தொழினுட்பவியலாளரோடு பேசுவோம் என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். மூன்றாவதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

பெண்பிள்ளையின் கொப்பியை அன்று வாங்கிப் பார்த்தேன். பொன்னாலாகிய தொடி, அதனை உடையாள் என்று விரித்து, முதலில் ஏழாவது என்று எழுதி வெட்டி, பின் மூன்றாம் வேற்றுமை என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.